சியாவும் சப்ஜாவும்



வெளி மாநிலங்களில் குடியிருக்கும் நம்மவர்களின் சமையலறைகளில் சில ஆண்டுகளாகச் சியா விதை என்னும் புதிய பதார்த்தம் இடம்பெற்று வருகிறது. கடையில் விசாரித்தால், "இது சப்ஜாதான்" என்று சொல்லிக் கொடுப்பவர்களும் உண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இந்தப் பெயர்க் குழப்பத்தை முதலில் நீக்க விரும்புகிறேன்.

இரண்டும் துளசிக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆயினும் வெவ்வேறு செடிகளின் விதைகள். நன்னாரி சர்பத்தில் மிதக்கும் சப்ஜா, திருநீற்றுப்பச்சிலையின் விதை. கன்னங்கரேலென்றிருக்கும், நீரிலிட்ட சில நிமிடங்களில் உப்பிவிடும். சியாவோ மெக்சிகோ, குவாதமாலா நாடுகளுக்கு உரியது. அஸ்டெக் மக்கள் மக்காச்சோளத்தோடும் அவரையோடும் அதனையும் முக்கிய ஆகாரமாகக் கொண்டிருந்தனர். சாம்பல், கறுப்பு, வெள்ளை நிறங்கள் விரவிய விதை அது. நன்றாக ஊற அரை மணி நேரம் ஆகும்.

நூறு கிராம் சியாவில் ஏறக்குறைய 34 கிராம் நார்ச்சத்தும், 16 கிராம் புரதமும், 600 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்தும் உள்ளன. ஆனால் நாம் ஒரு நாளில் உண்பது இரண்டு தேக்கரண்டிதான். ஆகவே பருப்பையும் கீரையையும் குறைத்துவிட்டு இதனை நம்பியிருத்தல் தகாது.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. இவ்விதை தன் எடையைப்போல் பத்து மடங்கு நீரை உறிஞ்ச வல்லது. உலர்ந்த விதையை விழுங்கித் தண்ணீர் குடித்த ஒருவருக்கு அது உணவுக்குழாயிலேயே உப்பி அடைத்துக்கொண்டதை, 2014ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்கள் எடுத்துரைத்தார்கள். எனவே ஊறவைத்தே உண்ண வேண்டும். குழந்தைகள், முதியோர் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர் தம் மருத்துவரைக் கேட்பது நலம்.

சமையல் முறை எளிது. ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு நீர் விட்டு ஊறவைத்துத் தயிர்சாதத்திலோ கேழ்வரகுக் கூழிலோ கலக்கலாம். பொடித்து அடை மாவிலும் சப்பாத்தி மாவிலும் சேர்க்கலாம். விலை மிகுதியென்று தோன்றினால் வருந்த வேண்டுவதில்லை. வடநாட்டார் 'அலசி' என்று வழங்கும் ஆளிவிதையிலும் சியாவில் உள்ள அதே ஒமேகா-3 கொழுப்பு நிறைந்திருக்கிறது. அதனை இலேசாக வறுத்துப் பொடித்து, இட்லி மிளகாய்ப்பொடியோடு கலந்துகொள்ளலாம்.

அந்த மிளகாயும் ஒரு காலத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. இன்று அதை அயல் பொருளென்று யார் சொல்வார்? சியாவையும் அதன் பெயரும் குணமும் அளவும் அறிந்து ஏற்றுக்கொள்வோமாக.