பிரதிப் பிரதம மந்திரி

பாராளுமன்ற ஆட்சியிலே பிரதம மந்திரி கடல் கடந்து சென்றால், அல்லது நோயுற்றுப் படுத்தால், அரசாங்கத்தை நடத்துபவர் யார்? இக்கேள்விக்கு விடையாக எழுந்ததே பிரதிப் பிரதம மந்திரி என்னும் பதவி.

பிரித்தானியாவில் இப்பட்டத்தை முதன்முதலிற் பெற்றவர் தொழிற் கட்சித் தலைவர் கிளெமென்ற் அற்லி. உலக யுத்தத்தின் நடுவே, 1942ஆம் ஆண்டில் அது அவருக்கு அளிக்கப்பட்டது. சேர்ச்சில் வெளிநாடு சென்ற காலங்களில் யுத்த மந்திரிசபைக்கு அவரே தலைமை வகித்தார். கட்சிகள் கூடி அமைத்த அவ்வரசாங்கத்திலே, தொழிற் கட்சிக்குரிய இடத்தையும் அப்பட்டம் உலகறியச் செய்தது.

ஆயினும் பதவி வேறு, வாரிசுரிமை வேறு. 1951இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த சேர்ச்சில், ஈடனுக்கு அப்பட்டத்தை வழங்க விரும்பினார். ஆறாம் ஜோர்ஜ் மன்னர் அதற்கு இணங்கவில்லை. அடுத்த பிரதம மந்திரியைத் தேர்ந்து அழைப்பது முடிக்குரிய உரிமை. அதனை முன்னதாகவே ஒருவருக்கு உறுதிசெய்தல் தகாது என்பதே காரணம். 1955இல் ஈடன் பிரதம மந்திரியானார். அவரை உயர்த்தியது பட்டமன்று. கட்சியில் அவருக்கிருந்த செல்வாக்கே.

இந்தியாவிலே மொரார்ஜி தேசாய் 1967 முதல் பிரதிப் பிரதம மந்திரியாகவும் நிதி மந்திரியாகவும் விளங்கினார். 1969 ஜூலையில் பிரதம மந்திரி இந்திரா காந்தி நிதி இலாகாவை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார். தேசாய் மந்திரிசபையை விட்டே விலகினார்.

பிரதம மந்திரியின் நம்பிக்கையும், கையிலொரு பொறுப்பும் இருக்கும்வரையே இப்பதவிக்கு வலிமை உண்டு. அவை நீங்கினால் எஞ்சுவது பெயர் ஒன்றே.