தலை அசையாமல் இருக்கட்டும்

இளையரசனேந்தல் பக்கமிருந்து ஸ்கேன் எடுக்க நெல்லைக்கோ மதுரைக்கோ போய்வந்தவர்களுக்கு, ‘தலையை ஆட்டாதீங்க’ என்ற சொல் பழக்கமானதுதான். மூளை வேலை செய்யும்போதே படம்பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ.யில் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இன்னும் அதிகம்.

1990-இல் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா இந்த ஸ்கேன் முறைக்கு வழி திறந்தார். வேலை செய்யும் மூளைப் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும். அதனால் ஸ்கேனில் அங்கிருந்து வரும் சிக்னல் ஓரிரு சதவீதம் மாறும். அவ்வளவுதான். தலை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் அதைவிடப் பெரிய மாற்றம் வந்துவிடலாம். அதனால், தலை மூன்று திசைகளில் எவ்வளவு நகர்ந்தது, எவ்வளவு திரும்பியது என்று கணித்து, கணினி படங்களை ஒன்றோடொன்று பொருத்துகிறது.

பொருத்தினாலும் பிழை முழுதாகப் போவதில்லை. மிகச் சிறிய அசைவுகூட மூளைப் பகுதிகளுக்கு இடையே பொய்யான தொடர்பைக் காட்டும் என்று 2012-இல் அமெரிக்காவின் ஜொனாதன் பவர் குழு எழுதியது. குழந்தைகள் அதிகம் அசைவார்கள் அல்லவா? அதனால், வளரும் மூளையைப் பற்றித் தங்கள் ஆய்வகமே முன்பு சொன்ன சில முடிவுகளையும் அவர்கள் மறுபடி சோதித்தார்கள். அந்த நேர்மை பெரிது.

ஸ்கேனுக்குப் படுக்கும் முன் இருமலோ பயமோ இருந்தால் சொல்லிவிடுங்கள். அசையாமல் இருக்க முடியாதபோது, கையில் தந்திருக்கும் பந்தை அழுத்திக் கூப்பிடுங்கள்.