ஓடும் வண்டியில் ஓர் அலைக்கம்பி



2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த மழையைத் தாம்பரத்தார் எளிதில் மறவார். மறுநாட் காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் அங்கே பதிவான மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் வெள்ளம் சூழ்ந்தது. மின்சாரம் நின்றது, கைப்பேசிக் கோபுரங்களும் பல இடங்களில் ஓய்ந்தன. அவ்வேளையில் ‘ஹாம்’ என்று அழைக்கப்பெறும் அமெச்சூர் வானொலி அன்பர்கள் தம் கருவிகளுடன் உதவ முன்வந்தார்கள். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் இவ்வாறே அந்தமான் செய்திகளை வெளியுலகிற்கு எட்டச் செய்தார்.

இத்தகைய பணிக்கு வண்டியில் அமைந்த நிலையம் மிகவும் ஏற்றது. வேண்டிய மின்சாரம் காரின் பாட்டரியிலேயே உண்டு. வேண்டிய இடத்திற்கு நிலையத்தையே ஓட்டிச் செல்லலாம். ஆயினும், விலையுயர்ந்த கருவியை வாங்கி, அலைக்கம்பியைக் கண்ட இடத்தில் மாட்டினால் பயன் குன்றிவிடும். கம்பியை எங்கே, எவ்வாறு பொருத்துவது என்பதைப் பார்ப்போம்.

முதலில் அளவு. வானலை ஒரு வினாடியில் சுமார் 30 கோடி மீட்டர் செல்கிறது. நம் நாட்டில் அமெச்சூர்களுக்கு உரிய 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில், நடுவிலுள்ள 145-ஐ எடுத்துக்கொள்வோம். 300-ஐ 145-ஆல் வகுத்தால் அலைநீளம் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். அதில் கால் பங்கு நீளமுள்ள கம்பி போதும். நடைமுறையில் அதனையும் சிறிது குறைத்து, ஏறத்தாழ 49 சென்டிமீட்டராக வெட்டுவார்கள். அன்றைய மழையின் அளவும் அதுவே ஆதலால், இவ்வெண் உங்கள் நினைவில் நிற்கும்.

கால் அலைக் கம்பி, முழு அமைப்பில் ஒரு பாதியே. மறு பாதியின் வேலையைச் செய்வது அதன் அடியிலுள்ள உலோகத் தகடு. காரின் இரும்புக் கூரைதான் அத்தகடு. கூரையின் நடுவே கம்பி நின்றால், எத்திசையிலும் அலை ஏறத்தாழச் சமமாகச் செல்லும். பின்மூடியின் விளிம்பில் நின்றால், தகடு மிகுந்துள்ள முன்புறம் நோக்கி அலை வலுத்து, மற்றப் புறங்களில் மெலியும். பம்பரில் நின்றாலோ, காரின் உடலே அலையை மறைக்கும். இவ்வலைகள் பெரும்பாலும் ஒளியைப் போல நேர்கோட்டில் செல்பவை. பல்லாவரத்துக் குன்றுகள் குறுக்கிடும் நம் பகுதியில், கம்பி இயன்றவரை உயரத்தில் நிற்பதே நன்று. தவிரவும், வெள்ளத்தில் முதலில் நனைவது பம்பர் அல்லவா?

இனிப் பொருத்தும் முறை. கூரையில் துளையிட்டுத் திருகுவது உறுதியானது; உலோகத்தோடு உலோகம் நேரே சேரும். ஆனால் துளையின் வாய் நன்கு அடைபடாவிட்டால் மழைநீர் இறங்கும். கடற்காற்றில் துருவும் ஏறும். காந்த அடியுள்ள கம்பிக்குத் துளை வேண்டா. வண்ணப்பூச்சை இடையே வைத்து, காந்த அடியும் கூரையும் ஒரு மின்தேக்கிபோல இயங்குகின்றன. இரவல் வண்டிக்கு இதுவே தக்கது. எனினும் அலுமினியக் கூரையில் காந்தம் ஒட்டாது. தாழ்ந்த மரக்கிளை பட்டால் கம்பி விழுந்துவிடும்.

7 மெகாஹெர்ட்ஸ் போன்ற சிற்றலைகளுக்குக் கதை வேறு. அங்கே கால் அலை என்பது 10 மீட்டருக்கு மேல். ஆகவே குட்டையான கம்பியில் கம்பிச்சுருள் சேர்த்துச் சரிக்கட்டுவர். அது கனமானது, சக்தி விரயமும் மிகுதி. அதனை வண்டியின் உடலோடு உறுதியாக மரையாணியிட்டு, சேருமிடத்தில் பூச்சைச் சுரண்டி இணைக்க வேண்டும்.

மானியை மட்டும் நம்பிவிடாதீர்கள். நல்ல தகட்டின்மேல் நிற்கும் கால் அலைக் கம்பி ஏறத்தாழ 36 ஓம் தடை காட்டும். 50 ஓம் வடத்தோடு சேர்ந்தால் நிலையலை விகிதம் 1.4 ஆகும். இணைப்புக் கெட்டு விரயத் தடை சேர்ந்தால், அவ்விகிதம் 1-ஐ நெருங்கி அழகாகத் தோன்றக்கூடும்! சக்தியோ வெப்பமாக வீணாகும். தொலைவிலுள்ள நண்பர் உங்கள் குரலை எவ்வளவு தெளிவாகக் கேட்கிறார் என்பதையும் சேர்த்துப் பார்ப்பதே முறையான சோதனை.

எச்சரிக்கை இரண்டு. பாட்டரியிலிருந்து வரும் கம்பியில், பாட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்கட்டும். நம் மின்சார ரயில் பாதைக்கு மேலே ஓடுவது 25,000 வோல்ட். நீண்ட கம்பியோடு கடவுப் பாதையை நெருங்குமுன் அதனைக் கழற்றிவிடுங்கள்.

பன்னிரண்டு வயது நிரம்பியவர்கள் மத்திய அரசின் தேர்வெழுதி இதற்கான உரிமம் பெறலாம். உரிமமின்றி ஒலிபரப்புவது குற்றம். வண்டியில் இயக்குவதற்குரிய விதிகளையும் கற்றறிய வேண்டும். வெள்ளம் வந்தபின் கற்க நேரம் இராது. வானம் தெளிந்திருக்கும் நாளிலேயே கம்பியைப் பொருத்திப் பேசிப் பழகியவரின் குரல்தான் மழைநாளில் பிறருக்குத் துணையாகும்.