முதுமையும் மனமும்

ஐம்பதை நெருங்கியோரின் மனம் நெகிழ்வை இழந்துவிடுமாதலால், பேச்சின் வழியே உள்ளத்தின் ஆழத்தை ஆராயும் உளப்பகுப்பு மருத்துவம் அவர்களுக்குப் பெரும்பாலும் பயன்படாது என்று 1904-இல் வியன்னா மருத்துவர்களிடையே உரைத்தார் சிக்மண்ட் பிராய்டு. அன்று அவருக்கே வயது 48! அறுபதைக் கடந்துவிட்ட எனக்கு இக்கூற்றுச் சற்றே கசக்கிறது.

பெர்லின் மருத்துவர் கார்ல் ஆபிரகாம் 1919-இல் வேறு கண்டார். ஐம்பதைத் தாண்டிய சிலரும் அவரிடம் குணமடைந்தனர். நோயாளியின் வயதைவிட, நோய் தொடங்கிய வயதே முக்கியம் என்றார்.

உங்கள் பாட்டனார் ஒரே பழங்கதையைப் பன்முறை சொல்கிறாரா? அதனை மூளைத் தளர்ச்சியென்று தள்ளிவிடலாகாது என்று 1963-இல் எழுதினார் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பட்லர். முடிவு நெருங்குங்கால் மனம் தன் வாழ்வைத் தானே திரும்பப் பார்க்கிறது. தீராத பிணக்குகள் மேலெழுகின்றன. பொறுமையுடன் கேட்பவர் வாய்ப்பின் அவற்றுட் சில ஆறும். தனிமையில் அவையே குற்றவுணர்வாய், கடுந்துயராய் முற்றுதலும் உண்டு.