மழையங்கியைத் தைப்பவர் யார்? துணிக்கு உரியவர் யார்?

(கமக்காரரும் உத்தியோகத்தரும் ஆசிரியரும் கூடிய அவையொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



பனிமலையில் ஏறுவோர் அணியும் மழையங்கியைப் பற்றி வெயிலிற் காயும் நம் ஊரிற் பேசுவதற்கு என்ன இருக்கின்றது என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். அவ்வங்கியை அணிவோர் நம்மவரல்லர் என்பது மெய்யே. ஆயின் அத்தகைய ஆடைகளைத் தைத்து அனுப்பும் நாடுகளுள் இலங்கையும் ஒன்று. இந்நாட்டின் பண்ட ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஆடைகளால் வருகின்றது. 2009இற் போர் முடிந்த பின்னர் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. அங்கே தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் நம் ஊர்ப் பெண்பிள்ளைகள். ஆகவே, உள்நாட்டில் தைப்பதா, கடல் கடந்து தைப்பதா என்று அமெரிக்காவில் நடக்கும் வழக்கில் நாம் வெறும் பார்வையாளரல்லர். நம்மைக் கேளாமலே நம்மையும் ஒரு கட்சிக்காரராக்கி நடக்கும் வழக்கு அது.

1960ஆம் ஆண்டளவில் அமெரிக்க மக்கள் உடுத்த உடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு அவர்கள் நாட்டிலேயே தைக்கப்பட்டது. இன்று அது நூற்றுக்கு மூன்று பங்களவே. மிகுதி சீனாவிலும் வியட்நாமிலும் வங்காளதேசத்திலும் நம்மைப் போன்ற பிற நாடுகளிலும் தைக்கப்படுகின்றது. இதனைக் கண்டு வருந்துவோர் அங்கே இரண்டு குற்றச்சாட்டுகளைக் கூறுவர். அயலவர் தைத்தது தரங்குறைந்தது என்பது ஒன்று. அயலவர் நம் வேலையைப் பறித்துக்கொண்டனர் என்பது மற்றையது. முதலாவது பொய். இரண்டாவதிற் பாதி உண்மை உண்டு. பறித்தவர் யார் என்பதிலேதான் பிழை.

அந்த அங்கி எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதை அறிந்தால் இது விளங்கும். மழைநீர் உள்ளே புகலாகாது. ஆனால் உடலின் வியர்வை ஆவியாக வெளியே போதல் வேண்டும். இந்த இரண்டையும் ஒருங்கே செய்வது துணியின் நடுவேயுள்ள மெல்லிய சவ்வு. 1969இல் டெலவெயர் மாநிலத்திற் பொப் கோர் என்பவர், ஒட்டாத தாச்சியின் உட்புறத்திற் பூசப்படும் அதே பொருளைச் சூடாக்கி ஒரே வீச்சில் இழுத்தார். அது அறுந்து போகாமற் பன்மடங்கு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த சவ்வாயிற்று. நீர்த்துளி அத்துளைகளுட் புகாது, நீராவி புகும். இதுவே 1976இற் கோர்-டெக்ஸ் என்ற பெயருடன் துணியாகச் சந்தைக்கு வந்தது.

இனித் தையலுக்கு வருவோம். ஊசி குத்தும் ஒவ்வோரிடமும் ஒரு துளையாகும். ஆகவே ஒவ்வொரு தையலின் மேலும் நாடாவை வைத்துச் சூடான காற்றினால் ஒட்டுதல் வேண்டும். சூடு மிஞ்சினாற் சவ்வு கெடும். குறைந்தால் நாடா கழரும். இது பழகிய கையின் வேலை. கோர் நிறுவனம் தன் துணியை அனுமதி பெற்ற தொழிற்சாலைகளுக்கே கொடுக்கும். அங்கி எவ்வாறு தைக்கப்பட வேண்டும், எவ்வாறு சோதிக்கப்பட வேண்டும் என்பதையும் அதுவே விதிக்கும். ஆசியாவிலுள்ள தொழிற்சாலைக்கும் அமெரிக்காவிலுள்ள தொழிற்சாலைக்கும் விதி ஒன்றே. கடல் கடந்து தைத்தது என்ற காரணத்தால் மழை உள்ளே வருவதில்லை.

இதே காலத்தில் அந்நாட்டின் வடகிழக்கே, மசாச்சூசெட்ஸ் மாநிலத்து லோரன்ஸ் நகரில் மோல்டன் மில்ஸ் என்னும் ஆலை இருந்தது. லோரன்ஸ் பழைய நெசவு நகரம். 1912இற் குடியேறிய தொழிலாளர், பெண்கள் முன்னிற்க, பெரும் வேலைநிறுத்தம் நடத்திய நகரம். அவ்வாலை 1979இற் பொலார் பிளீஸ் எனப்படும் மெத்தென்ற குளிர்த்துணியை ஆக்கியது. ஆலையின் உரிமையாளர் ஏரன் பியூவர்ஸ்டைன் அத்துணிக்குக் காப்புரிமை பெறவில்லை. 1995 டிசம்பர் 11ஆந் திகதி இரவு ஆலை எரிந்தது. காப்புறுதிப் பணத்தை எடுத்துக்கொண்டு மலிவான கூலி உள்ள நாட்டிற்குப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. அவ்விடத்திலேயே ஆலையை மீளக் கட்டினார். வேலையிழந்து நின்ற ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு மாதக்கணக்கிற் சம்பளமும் கொடுத்தார். நாடே அவரைப் போற்றியது. ஆனாற் கடன் ஏறியது. யாரும் செய்யக்கூடிய துணியாகப் பிளீஸ் மாறியிருந்ததால் மலிவான பிளீஸ் சந்தையை நிறைத்தது. 2001 நவம்பரில் ஆலை வங்குரோத்தானது. பின்னர் அவர் கையை விட்டும் போனது. 2007இல் மீண்டும் வங்குரோத்து. 2015இன் இறுதியில், லோரன்சில் நடந்த உற்பத்தி வேறு மாநிலங்களுக்கு மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டது.

அன்பர்களே, இவ்விரு நிறுவனங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒருவர் துணியின் இரகசியத்தைக் கையில் வைத்துக்கொண்டு தையலை உலகெங்கும் போகவிட்டார். மற்றவர் இடத்தையும் தொழிலாளரையும் காத்தார்; துணியின் இரகசியத்தைக் காக்கவில்லை. முன்னையது இன்றும் செழிக்கின்றது. பின்னையவர் அடுத்த உரிமையாளருக்கு இடம் விட்டு நீங்கினார். இருவருள் நல்லவர் யார் என்று கேட்டால், நான் தயங்காமல் லோரன்ஸ்காரரையே சொல்வேன். ஆனால் வழக்கு நன்மைபற்றியதன்று. தையல் இடம்பெயரும், துணியும் பெயரும் யாருடையனவோ, இலாபம் அவரிடமே தங்கும். வேலையைப் பறித்தவர் வன்னியிலோ சிட்டகொங்கிலோ இல்லை.

உள்நாட்டில் தைத்தால் அறம் தானாக வரும் என்று நினைப்பவரும் உளர். 1941 முதல் அமெரிக்காவில் ஒரு சட்டம் உண்டு. பெரி திருத்தம் என்பர். படைவீரருக்கு வாங்கும் ஆடை, நூலிலிருந்து தையல்வரை அந்நாட்டிலேயே ஆக்கப்பட வேண்டும் என்பது அதன் விதி. அங்கே எஞ்சியிருக்கும் குளிராடைத் தையலகங்கள் பல இச்சட்டத்தாலேயே உயிர்வாழ்கின்றன. நல்லது. ஆனால் அதே படையின் சீருடைகள் சில மத்திய சிறைச்சாலைகளிலும் தைக்கப்படுகின்றன; அங்குள்ள கைதிக்கு மணிக்கு 23 சதம் முதல் 1 டொலர் 15 சதம் வரையே கொடுக்கப்பட்டு வந்தது. அதுவும் உள்நாட்டு உற்பத்திதான்!

தீர்வையின் கதை இன்னும் விசித்திரமானது. செயற்கை நூலாலான வெளியாடை அமெரிக்காவுக்குட் போகையில் அடிப்படைத் தீர்வை நூற்றுக்கு 27.7. அதே ஆடை நீர்புகா ஆடை என்று ஒப்புக்கொள்ளப்பட்டால் 7.1. ஆகவே அங்கியை வரைபவர் மேகத்தைப் பார்த்து வரைவதில்லை. சுங்க அட்டவணையைப் பார்த்து வரைகின்றார். ஒரிகன் மாநிலத்துக் கொலம்பியா நிறுவனம் பெண்களின் மேற்சட்டையில் இடுப்புக்குக் கீழே சிறு பை வைப்பது தீர்வையைக் குறைப்பதற்கே என்பதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கின்றது. இதுவரை சிரிக்கலாம். ஆனால் 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருள்கள்மீது நூற்றுக்கு 44 என ஒரு மேலதிகத் தீர்வை அறிவிக்கப்பட்டு, பின்னர் 30 ஆகி, ஆகஸ்டில் 20 ஆகியபோது சிரித்தவர் இங்கு எவருமில்லை. ஓர் இரவில் எழுதப்பட்ட எண் கிளிநொச்சிப் பெண்ணின் வேலையை அசைத்தது. அந்த அங்கியின் துணியில், விலையில், பெயரில் அவளுக்குப் பங்கு இருந்ததா?

கூலியைச் சொல்லுகின்றேன். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7 டொலர் 25 சதம். இலங்கையின் தேசிய குறைந்தபட்ச வேதனம் 2026 ஜனவரி முதல் மாதம் 30,000 ரூபாய். டொலருக்கு 300 ரூபாய் எனக் கொண்டால் அது 100 டொலர். அங்கே பதினான்கு மணி நேரத்துக்குள் உழைக்கும் பணம் இங்கே ஒரு மாதத்தின் அடித்தளம். நம் தொழிற்சாலைகள் பல இதனினும் கூடுதலாகக் கொடுக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். எனினும் இவ்விடைவெளியே நம்மிடம் அவர்கள் வருவதற்குக் காரணம்; இதைவிட மலிவான நாடு கிடைத்தால் அவர்கள் போவதற்கும் இதுவே காரணமாகும். வெங்காயத்தைத் தோட்டத்தில் விற்ற விலைக்கும் அதே வெங்காயம் கொழும்பிற் போன விலைக்கும் உள்ள தூரத்தை அறிந்த கமக்காரருக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை.

தைப்பவர் என்றும் தைப்பவராகவே இருத்தல் விதியா? அன்று. கொரியாவின் யங்வன் நிறுவனம் 1974இற் பிறர் பெயருக்கு ஆடை தைக்கத் தொடங்கியது; 1980இற் சிட்டகொங்கிற்குப் போனது. பின்னர் துணியையும் தானே ஆக்கியது. 2014இற் சியாட்டில் நகரத்து அவுட்டோர் ரிசேர்ச் என்னும் மலையாடை நிறுவனத்தையே வாங்கிவிட்டது. அமெரிக்கப் படைக்குக் கையுறை தைக்கும் தொழிற்சாலை வைத்திருந்த நிறுவனம் அது! நாற்பது ஆண்டிற் கூலியாள் முதலாளியானான். வங்காளதேசத்துத் தொழிலாளி அவ்வாறு ஆகவில்லை என்பதையும் கூடவே நினைவிற் கொள்ளுங்கள். ஏறியது கொரிய நிறுவனம். அது ஏறுகையிற் காலூன்றிய படிகளுள் ஒன்று சிட்டகொங்.

நம் நாட்டுக்கு ஆடைத்தொழில் வந்தது அந்நியர் வகுத்த பங்கீட்டினால். 1974இல் ஏற்பட்ட பல்நார் ஒப்பந்தம் பெரிய நாடுகளின் ஏற்றுமதிக்கு அளவு விதித்தது. அளவு தீர்ந்தவர் சிறிய நாடுகளைத் தேடி வந்தனர். 2004ஆம் ஆண்டின் முடிவில் அது ஒழிந்தபோது இத்தொழில் அழியும் என்றனர். அழியவில்லை, உயர்ந்த தையலாலும் நம்பகத்தாலும் நின்றது. ஆனாற் துணி பெரும்பாலும் கப்பலில் வருகின்றது. அதனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் வரிச்சலுகையைக்கூட நாம் முழுமையாகப் பெறுவதில்லை. துணியும் இங்கோ அயலிலோ ஆக்கப்பட்டிருத்தல் பொதுவாக அதன் நிபந்தனை.

அப்படியானால் துணியாலை கேட்போமா? இவ்விடத்திற் கமக்காரர் சார்பில் நானே தடை எழுப்புகின்றேன். பின்னுதல் வேறு, சாயமிடுதல் வேறு. சாயமிடுதற்கு மிகுந்த நீர் வேண்டும்; கழிவுநீரோ நிறமும் இரசாயனமும் கலந்தது. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கற்பாறையில் நிற்பது; மேலே விட்டது கீழே இறங்கும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமையை நாம் மறக்கவில்லை. நீர்புகா ஆடையில் இட்டுவந்த இரசாயனங்களோ மண்ணில் அழியாதவை என்று கண்டு, கலிபோர்னியாவும் நியூயோர்க்கும் 2025 முதல் அவற்றைக் கட்டுப்படுத்தத் தொடங்கின. அவர்கள் கழித்துவிட்டதை நாம் வரவேற்றல் ஆகாது. சாயச்சாலை குடாநாட்டுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. பின்னல், சவ்வு ஒட்டுதல், நாடா இடுதல், மழைச்சோதனை, வரைவு ஆகியவற்றுக்கு அவ்வளவு நீர் வேண்டியதில்லை. அறிவு வேண்டும்.

அந்த அறிவு எங்கே கிடைக்கும்? துணிப்பொறியியல் மொறட்டுவையிற் கற்பிக்கப்படுகின்றது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. அதே மாவட்டத்திற் பெண்கள் ஆயிரக்கணக்கான ஆடைகளைத் தைத்து அனுப்புகின்றனர். இரண்டுக்கும் இடையே ஒரு பாடநெறியேனும் வேண்டும் என்று அப்பீடத்திற்கும் முதலீட்டுச் சபைக்கும் எழுதுவதற்கு இங்குள்ள பொறியியலாளர் இன்றே ஒரு குழுவை அமைக்கலாம். அடுத்து ஒரு தொழிற்சாலை காணி கேட்டு வரும்போது, எத்தனை பேருக்கு வேலை என்று மட்டும் கேட்டு நில்லாது, துணி எங்கிருந்து வரும், மேற்பார்வையாளராகவும் வரைவாளராகவும் நம் பெண்கள் எத்தனை ஆண்டில் உயர்வர், கழிவுநீர் எங்கே போகும் என்பவற்றையும் சட்டத்தரணிகள் எழுத்திற் கேட்டல் வேண்டும். அதற்கான வினாப்பட்டியலின் முதற் படியை இக்கூட்டம் கலையுமுன் தலைவர் அவர்களிடம் ஒப்படைக்கின்றேன். திருத்த வேண்டியதைத் திருத்துங்கள்.