திருவனந்தபுரத்து ஆளுநர் இல்லம்

அரசு மாளிகையின் வரலாறு என்றால், அதனைக் கட்டியவர் யார் என்று கேட்பதே வழக்கம். திருவனந்தபுரத்து ஆளுநர் இல்லத்தைப் பொறுத்தவரை அதனினும் பயனுள்ள கேள்விகள் இரண்டு உண்டு. அங்கே வாழ்பவர் எந்த உரிமையால் வாழ்கிறார்? அதன் செலவுக்குக் கணக்குக் கேட்பவர் யார்?

1829ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் விருந்தினர் மாளிகையாக இது எழுந்தது. சுவாதித் திருநாள் ஆட்சிப் பொறுப்பை ஏற்றதும் அவ்வாண்டிலேதான். 1949 ஜூலை 1இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது மகாராஜா சித்திரைத் திருநாள் ராஜப்பிரமுகரானார். தலைநகரில் சொந்த இல்லம் உடைய ராஜப்பிரமுகருக்கு அரசு இல்லம் உரியதன்று என்பது அன்றைய அரசியலமைப்பின் ஏற்பாடு. மகாராஜாவுக்குக் கௌடியார் அரண்மனை இருந்தது.

1956 நவம்பர் 1இல் கேரள மாநிலம் உருவாயிற்று. ராஜப்பிரமுகர் பதவி நீங்கியது. அம்மாதமே ஆளுநராகப் பொறுப்பேற்ற பூர்குல ராமகிருஷ்ண ராவ், ஹைதராபாத் முதலமைச்சராக இருந்தவர்; திருவனந்தபுரத்தில் பரம்பரை மாளிகை ஏதும் இல்லாதவர். பிறப்புரிமையின் இடத்தில் நியமனப் பதவி வந்தபோது, இல்லமும் பதவியைச் சார்ந்ததாயிற்று. வாடகையின்றி அரசு இல்லத்தைப் பயன்படுத்தும் உரிமையை 158ஆம் விதி ஆளுநருக்கு வழங்குகிறது. பதவி முடிந்தால் உரிமையும் முடியும்.

ஆளுநர் இல்லம் வெறும் உறைவிடம் அன்று. 1959 ஜூலை 31இல் நம்பூதிரிபாடு அமைச்சரவை நீக்கப்பட்டபோதும், 1964 செப்டம்பர் முதல் 1967 மார்ச் வரையிலும் குடியரசுத் தலைவர் ஆட்சி நிலவியது. அக்காலங்களில் குடியரசுத் தலைவரின் சார்பில் நிர்வாகப் பொறுப்பு ஆளுநரைச் சேர்ந்தது.

இனிச் செலவு. 202ஆம் விதிப்படி ஆளுநரின் ஊதியம், படிகள், அலுவலகச் செலவு ஆகியவை மாநிலத் தொகுப்பு நிதியின் நேர்ப் பொறுப்பாகும். அவை சட்டமன்றத்தின் வாக்கெடுப்புக்கு வருவதில்லை. ஆளுநர் பதவி அன்றாட அரசியலுக்கு ஆட்படலாகாது என்பதே இதன் நோக்கம். ஆயினும் அம்மதிப்பீடுகளை விவாதிக்க 203ஆம் விதி தடை விதிக்கவில்லை. வாக்கு இல்லை என்பதால் வினாவும் இல்லை என்று கருதுவது பிழை. அந்த விவாத உரிமையைப் பயன்படுத்தாத மன்றம், தன் காவற்பொறுப்பில் ஒரு பகுதியைக் கைவிட்டதாகும்.

2025 டிசம்பரில் ராஜ்பவன் என்ற பெயர் லோக் பவன் என மாறியது. மன்னர் மாளிகை என்ற பொருள் போய், மக்கள் மாளிகை என்ற பொருள் வந்தது. ஆனால் 158, 202, 203 ஆகிய விதிகள் மாறவில்லை. விருந்தினர் வந்து தங்கிச் செல்லக் கட்டப்பட்ட இல்லத்தில் ஆளுநர்களும் வந்து தங்கிச் செல்கின்றனர். இல்லத்துக்கு உரியவர்கள் மக்களே. கணக்கும் அவர்களுக்கே உரியது.