பிரவுன்சீ தீவில் ஒரு பாசறை



பள்ளியில் சாரணராக இருந்தவர்களுக்குக் கூடாரம் அடித்துத் தங்கிய நாட்கள் மறக்காது. அந்த வழக்கத்தின் தாய்வீடு, இங்கிலாந்தின் தென்கரையில் பூல் துறைமுகத்துக்குள் இருக்கும் பிரவுன்சீ தீவு.

1907 ஆகஸ்ட் தொடக்கத்தில், சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த படைத்தளபதி பேடன் பவல் அங்கே ஏறத்தாழ 20 சிறுவர்களைக் கூட்டி ஒரு வாரப் பாசறை நடத்தினார். மாணவர் முகாம் அப்போதே பழைய சங்கதிதான். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஃபிரெடெரிக் கன் என்ற பள்ளித் தலைவர் 1861-லேயே அதை நடத்திவிட்டார். பேடன் பவலின் புதுமை வேறு. ஈட்டன், ஹாரோ பள்ளிப் பிள்ளைகளையும் உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளையும் அவர் ஒன்றாகத் தங்கவைத்தார். வசதி உள்ளவனுக்குக் கட்டணம் ஒரு பவுண்டு; இல்லாதவனுக்கு மூன்றரை ஷில்லிங். பிள்ளைகளை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு சிறுவன் பொறுப்பிலேயே விட்டார். தடம் பார்ப்பதும் உயிர் காப்பதும் பாடங்கள். இரவில் தீ மூட்டிக் கதை. பெண்பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. பேரரசுப் பற்றும் பாடத்தில் கலந்திருந்தது. ஆனாலும், பிள்ளைகளை நம்பிப் பொறுப்பைக் கொடுத்த அந்த அணிமுறைதான் உலகெங்கும் வேர்விட்டது.

தீவின் கதை திசை மாறியது. 1927-இல் அதை வாங்கிய மேரி பானம் கிறிஸ்டி என்ற பெண்மணி, குடியிருந்தவர்களில் பெரும்பாலோரை வெளியேற்றி, காட்டை அதன் போக்கில் விட்டார். 1934-இல் பெருந்தீ வேறு. சாரணருக்கும் கதவு அடைபட்டது. ஆனால் அவருடைய பிடிவாதத்தால் தீவில் இயற்கை தன் போக்கில் வளர்ந்தது. இங்கிலாந்தில் அருகிவரும் செவ்வணில்களும் அங்கே பிழைத்தன. 1961-இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு தீவு, பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்புக்கு வந்தது. 1963-இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சாரணர்கள் மறுபடி கூடாரம் அடித்தார்கள்.

கோயில் என்றால் கல் நிற்கும்; கூடாரத்தைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது புல்தரை. 1967-இல் அங்கே நட்ட நினைவுக்கல் இடத்தைச் சொல்லும், வழக்கத்தைச் சொல்லாது. அந்தத் தரையில் இன்றும் பிள்ளைகள் தாங்களே சமைத்து, தாங்களே அணி நடத்தித் தங்குவதுதான் அந்த வழக்கத்துக்கு அசலான பாதுகாப்பு. நம் பள்ளிகளிலும் முகாமைப் பெரியவர்களே முழுக்க நடத்திவிட்டால், எஞ்சுவது வெறும் சுற்றுலாதான்.